214-ஆம் எண்ணுக்குரியவன்

ப்ளோவ்திவ் பல்கலைக்கழகத்துக் கணிதக் கட்டடத்தில், நிலவறையில் இருந்த ஒரே ஒரு கணினிக்குத்தான் எல்லாரையும் தெரியும். மாடிகளில் இருந்த முப்பது கணினிகளும், யார் வந்து பெயரும் கடவுச்சொல்லும் தட்டினாலும், "இது நம்ம ஆளா?" என்று கீழே அதனிடம்தான் கேட்கும். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பதினைந்து வருடம் கட்டிக் காத்தவள் டொன்கா.

1993இல் அவளும் உடன் வேலை பார்த்த மெதோதியும் சேர்ந்துதான் அதை நிறுவினார்கள். பட்டியலில் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, ‘மேக்’ என்ற கட்டளையையும் தட்ட வேண்டும். அப்போதுதான் மாற்றம் மாடிக் கணினிகளுக்குப் போய்ச் சேரும். முதல் வருடமே நூற்றிருபது புது மாணவர்களின் பெயர்களை இரண்டு நாள் உட்கார்ந்து சேர்த்த டொன்கா, அந்தக் கட்டளையை மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அவர்களில் ஒருவராலும் கணினிக்குள் நுழைய முடியவில்லை. மாடிப்படி வரைக்கும் வரிசை நின்றது. மெதோதி உணவகத்துக்கே தேடி வந்து, அவள் தட்டிலிருந்த கெபாப்சே இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"மேக் போட்டியா?"

அன்றிலிருந்து அவர்களுக்குள் அதுவே வணக்கமாகிவிட்டது. அவள் வீட்டில் பனித்சா என்ற சீஸ் அடை செய்து கொண்டுவந்தாலும், "உப்பு கிடக்கட்டும், மேக் போட்டியாம்மா?" என்பான். சீஸ் துணுக்கெல்லாம் விசைப்பலகைக்குள் கொட்டும். அவள் திட்டுவாள். இருவருக்கும் தனித்தனியே குடும்பம் உண்டு. ஆனாலும் ஒரு நாளில் டொன்கா அதிகம் பேசியது அவனோடுதான். அந்த ஆறு வருடம் போல அவளுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

1999 பிப்ரவரியில் மெதோதி மாரடைப்பில் போய்விட்டான். கட்டட வாசலில் அவன் படம் போட்ட இரங்கல் தாளை ஒட்டிய வாரமே துறைத்தலைவர் கன்செவ் நிலவறைக்கு இறங்கி வந்தார்.

"பாதுகாப்பு விதின்னு ஒண்ணு இருக்கு டொன்கா. போனவங்க பேரைப் பட்டியல்ல வைக்கக் கூடாது."

எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மெதோதி எழுதிய நிரல்கள் எல்லாக் கணினிகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர் நிற்கும். பட்டியலில் பெயர் போனால் அங்கே அவனுக்குக் கணினி கொடுத்திருந்த 214 என்ற வெறும் எண்தான் மிஞ்சும். அதை அவளால் தாங்க முடியாது.

"நாற்பது நாள் ஆகட்டும் புரொபசர். ஆத்மாவே அதுவரைக்கும் இங்கதான் சுத்திக்கிட்டு இருக்குமாம். நமக்கென்ன அவசரம்?"

"சரி, நாற்பது நாள்" என்றார்.

நாற்பதாம் நாள் டொன்கா வழக்கப்படி கோதுமையை அவித்து, சர்க்கரை தூவி, பிளாஸ்டிக் கோப்பைகளில் எல்லாருக்கும் கொடுத்தாள். கன்செவும் சாப்பிட்டார். பிறகு கீழே போய் அந்த வரியை அழித்தாள். மேக் மட்டும் போடவில்லை.

கன்செவுக்கு அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் மெதோதி இல்லை. மாடிக் கணினிகளில் இருந்தான். புதிதாக யாரையாவது சேர்க்க வேண்டி வந்தால், முதலில் அவன் வரியைத் திரும்ப வைத்து, மேக் போட்டு, பிறகு அழிப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஒன்பது வருடம் மறைத்தாள்.

2008 கோடையில் பழைய கணினி முறையை நிறுத்திவிட்டுப் புதியது கொண்டுவர முடிவானது. அதில் ஏற்ற வேண்டிய பெயர்களைத் துறைத்தலைவர்தான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இனித் தன் தந்திரம் பலிக்காது என்று டொன்காவுக்குப் புரிந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு முறை மாடியேறினாள். இத்தனை வருடப் பொய்யை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கன்செவே தாள்களோடு வந்தார்.

"சரிபாரு. என் கோழிக்கிறுக்கல் உனக்குத்தான் புரியும்."

அவள் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். 214இல் விரல் நின்றது. மெதோதி. அவள் நிமிர்ந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டியல்ல இல்லாதவன் என் கணினியில மட்டும் எப்படி இருக்கான்னு ஒன்பது வருஷமா கேக்காம இருந்தேன். என்னை அவ்வளவு மக்குன்னா நினைச்ச?"

"விதி இருக்கே, புரொபசர்?"

"விதிப்படிதான் எழுதியிருக்கேன். கடைசிக் கட்டத்தைப் பாரு."

பெயரை நீக்க வேண்டிய நாள் என்ற அந்தக் கட்டத்தில் மற்ற எல்லாருக்கும் தேதி போட்டிருந்தார். மெதோதிக்கு நேரே, ‘நாற்பது நாள் ஆனதும்’ என்று எழுதியிருந்தார். எந்த நாளிலிருந்து என்று எழுதவில்லை.

டொன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். முதலில் அவன் பெயரைத்தான் தட்டினாள். புதிய முறையில் மேக் போட வேண்டியதில்லை. எழுதினாலே எல்லா இடத்துக்கும் போய்விடும்.