பால்காரியின் அப்பா

அகராதி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'வேர்'. சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டுவதுதான் அவர் பிழைப்பு. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் தாயான, யாரும் எழுதிவைக்காத ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியின் சொல்லை, அதன் வாரிசுகளை வைத்து ஊகித்து, ஊகம்தான் என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார். செத்துப் பல்லாயிரம் வருஷமான மொழியில் மகளை எப்படி அழைத்தார்கள் என்று கேட்டால் டக்கென்று சொல்வார். சொந்த மகளோ கல்யாணம் முடிந்ததிலிருந்து அவரோடு பேசுவதே இல்லை. பெரிய அறிவாளிதான், போங்கள்!

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வாயால் வந்த வினை. சம்பந்தம் பேச வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா மரியாதைக்கு, "உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சமஸ்கிருதத்தில் 'துஹிதா', பாரசீகத்தில் 'தொக்தர்', கிரேக்கத்தில் 'துகாதேர்', ஜெர்மனில் 'தோக்டர்', மகளைக் குறிக்கும் இவை எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று ஆரம்பித்துவிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யார் விட்டது?

"அந்த வேருக்குப் பால் கறக்கிறவள்னு அர்த்தம்னு ஒரு காலத்துல நெனச்சாங்க."

"அப்போ பொண்ணோட ஒரு மாட்டையும் சேத்து அனுப்பிடுங்க!" என்றார் சம்பந்தியம்மா. கூடமே சிரித்தது. இவரும் சிரித்தார், மடையர். அன்றிலிருந்து புகுந்த வீட்டில் மகளுக்குப் 'பால்காரி' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அவளோ கண் மருத்துவர்.

இன்று காலை மகளைக் குறிக்கும் அதே வேர்ச்சொல்லின் அச்சுப்படி திருத்துவதற்காக மேஜைக்கு வந்தது. 'பால் கறப்பவள்' என்ற வரியை அடித்து, ஓரத்தில் 'ஆதாரம் போதாது' என்று எழுதினார். ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, அந்த அர்த்தத்தை அகராதியிலேருந்தே தூக்கிட்டேன். வேரைப் பாத்தா..."

"அப்பா," என்றாள் மகள். "மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்ல இன்னும் எத்தனை மொழி சுத்துவீங்க?"

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்ப்பதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன். தப்புதாம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. இதையே என் மாமியார் எதிர்ல சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீங்க, கதவைச் சாத்திருவேன்."