தடிச்சிடும்

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. புனேயில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும்தான், அதுவும் தட்டுத் தடுமாறி. எழுத்துக் கற்றுக்கொடுக்க நேரமில்லை என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவே எனக்கு வசதியாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மனைவிக்குக் காலில் ஒரு கட்டி வந்து பழுத்துவிட்டது. நான் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். லீவு போட்டிருக்கலாம், போடவில்லை. மகள்தான் அம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, வானவடியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனைவிக்குக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் மராத்தி வரும். உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் தமிழ்தான்.

கட்டியைக் கீறிவிட்டு ஒரு ஊசி போட்டார்கள். போட்ட நர்ஸ் அடுத்த அறைக்குப் போய்விட்டார். சில நிமிஷத்தில் மனைவியின் முகம் வீங்கி மூச்சு அடைத்துக்கொண்டது. மகள் வராந்தாவில் ஓடி ஓடிக் கத்தியிருக்கிறாள். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அந்த நேரத்துக்குப் போடவேண்டிய மருந்து அங்கே இல்லை. வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வழக்குப் போடவேண்டும் என்று முதலில் சொன்னது மகள்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். நாம் கேட்டால் சிகிச்சைக் காகிதங்களை மூன்று நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடவேண்டும், கவனக்குறைவு நிரூபணமானால் இழப்பீடு நம் உரிமை என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

"அம்மா அந்த இன்ஜெக்‌ஷன் வேணாம்னு சொன்னாப்பா. நான் நர்ஸ்கிட்ட கரெக்டா சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. எங்க வேணா வந்து நானே சொல்றேன்."

அந்தச் சிரிப்பு என்னைத் தின்றது. ஒருத்தி மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிறாள், இன்னொருத்தி அதைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்றால் அவளெல்லாம் மனுஷியா? அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, எதற்குச் சிரித்தாய் என்று கேட்டே தீரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அலைந்தேன்.

மகள் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு போய்க் காகிதங்களை வாங்கினேன். வீடு வரும்வரை பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியில் சாய்ந்து நின்று படித்தேன். முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார்கள்: ஒவ்வாமை எதுவும் இல்லை. இந்த ஊசி போட்டால் எடை கூடிவிடும் என்று நோயாளியின் மகள் சொல்கிறார்.

எந்தச் சொல் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஊரில் ஒரு ஊசி போட்டு மனைவிக்கு உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்துச் சிவந்துவிட்டது. "அது போட்டா எனக்கு உடம்பு தடிச்சிடும்" என்றுதான் மகளிடம் சொல்லியிருப்பாள். மகளுக்குத் தெரிந்த தடிப்பு ஒன்றே ஒன்றுதான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் மனைவியைச் சீண்டுவேன்: "இன்னும் ரெண்டு பூரி வச்சுக்கோ. நாளுக்கு நாள் தடிச்சுக்கிட்டே போற, பத்தாது." அம்மாவும் மகளும் சிரிப்பார்கள். அந்தச் சொல்லை அவளுக்கு அந்த அர்த்தத்தில் ஊட்டியவன் நான். அவள் அதை அப்படியே இந்தியில் "மம்மி மோட்டி ஹோ ஜாயேகி", அம்மா குண்டாகிவிடுவாள், என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் சிரித்ததில் என்ன தப்பு இருக்கிறது?

மகளிடம் சொல்லாமல் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வயதான மராத்திக்காரர், நிதானமாகப் படித்தார். வழக்கில் வலு இருக்கிறது என்றார். சோதனை ஊசி போட்டதாகப் பதிவில்லை, போட்டபிறகு பக்கத்தில் ஆள் இல்லை, மருந்தும் இல்லை. எடை கூடும் என்று ஒருவர் சொன்னால், அப்படியென்றால் என்ன என்று திருப்பிக் கேட்டிருக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. வேறொரு டாக்டரின் கருத்து வாங்கவேண்டும், அது சிரமம், ஆனாலும் வாங்கிவிடலாம். பிறகு அந்த முதல் பக்கத்துக்குத் திரும்பி வரியின் மேல் விரலை வைத்தார். எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் பிடிக்கும், அம்மா என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று உங்கள் பெண்ணைக் குடைந்து எடுப்பார்கள் என்றார்.

"அவள் இல்லாமல் நடத்த முடியாதா?"

"அங்கே இருந்தது அவள் ஒருத்திதானே?"

இழப்பீடு கிடைக்கலாம். ஆஸ்பத்திரி தப்பு செய்தது என்று உத்தரவும் வரலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள், யாரோ ஒருவர் என் மகளை நிற்கவைத்துத் தடிப்பு என்றால் என்ன என்று விளக்கிச் சொல்வார். அதற்கப்புறம் வருகிற எந்த உத்தரவாலும் அவளைத் தேற்ற முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. அவளையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

காகிதங்களைத் தொழிற்சாலை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். ஆஸ்பத்திரியில் இழுத்தடிக்கிறார்கள் என்றேன். அப்புறம் வக்கீல் ஊரில் இல்லை என்றேன். அப்புறம் எந்த டாக்டரும் கருத்து எழுதித் தர மாட்டேன் என்கிறார் என்றேன். நானே போகிறேன் என்று அவள் கிளம்பியபோதெல்லாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தடுத்தேன். அந்த ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறேன். வாசலில் யார் யாரோ காத்திருக்கிறார்கள். அந்த மருந்தை இப்போதாவது வாங்கி வைத்திருக்கிறார்களா என்று உள்ளே போய்க் கேட்கக்கூட எனக்குத் துப்பில்லை.

கெடு முடிகிற தேதியை அவள் போனில் குறித்து வைத்திருந்தாள். அன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பி என் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு லாஸ்ட் டேட்ப்பா. ஃபைல் பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"என்னால அலைய முடியலம்மா."

"உங்களுக்கு இப்டி ஆயிருந்தா அம்மா அலைஞ்சிருப்பா," என்றாள்.

"அலைஞ்சிருப்பா," என்றேன்.

அதன்பிறகு அவள் என்னோடு இந்தியில்தான் பேசுகிறாள்.