பொட்டு வைத்த தையல் மிஷின்

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அப்பா பெட்டாலிங் தெருவிலிருந்து ஒரு கைத் தையல் மிஷின் வாங்கிவந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசைக்கு அதுதான் முதல் மிஷின். அக்காவுக்காக வாங்கியது. செமினிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வாழப் போனவள், மாமாவைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு எங்களிடமே திரும்பியிருந்தாள். இனிப் பால் வெட்டப் போகமாட்டேன், தைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று ஒரே பிடியாக நின்றாள். மிஷின் வருவதற்கு முன்பே வரிசை முழுக்கச் சொல்லியும் விட்டாள். பிள்ளைகளின் தீபாவளிச் சட்டைத் துணிகள் எங்கள் வீட்டில் மூட்டையாகக் கிடந்தன.

வாங்கின இடத்திலேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அது தோன்றவில்லை. வீட்டில் எங்களுக்கும் தோன்றவில்லை. விடிந்தால் பூசை. அப்பாவின் சுத்தியல், ஸ்பேனர், என் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் அதை வைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டு, பூச்சரம் சுற்றினோம். பூசையில் வைத்த சாமானை அன்று தொடக்கூடாது. அக்கா அடிக்கடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சாம்பிராணியும் மிஷின் எண்ணெயும் கலந்து அன்று வீட்டில் வீசிய வாசம் இப்போதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை கும்பிட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினாள். கொஞ்சம் தைத்தது. பிறகு ஊசி வெறுமனே குத்தியது, நூல் பிடிக்கவில்லை. இன்னும் சுழற்றினால் துணியை உள்ளே இழுத்துத் தின்றது. நூலை மாற்றினாள், ஊசியை மாற்றினாள். அதே கதைதான்.

"பூசை போட்டதைக் கடைக்குத் திருப்பிக்கொண்டு போறதாம்மா?" என்று அப்பா தயங்கினார்.

"ஓடாத மிஷினை வச்சு வருசம் பூராவும் கும்பிடச் சொல்றீங்களாப்பா?"

அக்காவும் மிஷினும் ரிக்‌ஷாவில், அப்பாவும் நானும் பின்னால் நடை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "நீதான் பேசணும்" என்று அப்பா சொல்லியிருந்ததால், வழி முழுக்க இங்கிலீஷ் வாக்கியங்களை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். கடையில் முதல் வாக்கியம் முடிவதற்குள் சீனத் தவுக்கே கையை உயர்த்தினார். கடை முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். "மலாயில பேசு லா" என்றார். அதன்பின் பேச்செல்லாம் கடைத்தெருவில் புழங்கும் பாசார் மலாயில்தான்.

"உங்க கடையை விட்டு வரும்போதே இது பழுது. நேத்து பூராவும் பூசையில இருந்தது, எங்க வீட்டில் ஒரு சட்டைகூடத் தைக்கலை" என்றேன்.

அவர் மிஷின் கழுத்திலிருந்த குங்குமத்தில் விரல் வைத்தார். "சுடா பாக்காய். உபயோகிச்சாச்சு. இதை வேற யார் வாங்குவா? மாற்றித் தரமுடியாது. விட்டுட்டுப் போங்க, ரிப்பேர் பண்ணித் தரேன். சாமான் சிங்கப்பூர்லேருந்து வரணும். தீபாவளி கழிச்சு வாங்க."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா தோள் துண்டை எடுத்துப் பொட்டை அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தார். எண்ணெயில் குழைந்து குங்குமம் இன்னும் அகலமாகப் பரவியது. தவுக்கேக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு நாள் பூராவும் உங்க சாமி இதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தார்? அவரே ரிப்பேர் பண்ணியிருக்கலாமே!"

"அவர் பாத்ததாலதான் இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது" என்றாள் அக்கா. அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "துடைக்காதீங்கப்பா. நாம ஒண்ணும் களவு செய்யலை."

வாசலில் தவுக்கேயின் சைக்கிள் நின்றது. சீனர்கள் புதுச் சாமானுக்கு ராசிக்காக ஒட்டும் சிவப்புத் தாள் வெளுத்துப்போய் இன்னும் அதன் கைப்பிடியில் இருந்தது. அக்கா அதைக் காட்டினாள்.

"புதுசா வாங்கினதும்தானே அதை ஒட்டினீங்க? மறுநாளே செயின் அறுந்திருந்தா, சிவப்புத் தாள் ஒட்டியாச்சுன்னு சும்மா இருந்திருப்பீங்களா?"

தவுக்கே சைக்கிளைப் பார்த்தார். மிஷினைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கந்தலை வைத்துத் தானே சுழற்றினார். கந்தலையும் அது தின்றது. சீனத்தில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனவர், கட்டுப் பிரிக்காத இன்னொரு மிஷினைத் தூக்கிவந்து வைத்தார்.

"இங்கேயே தைச்சுப் பாரு. அப்புறம் பொட்டு வை."

தைத்துப் பார்க்க நாங்கள் துணி கொண்டுவரவில்லை. அக்கா அப்பாவின் துண்டை வாங்கி, பிசிறு தொங்கிய ஓரத்தை மடித்து, முனையிலிருந்து முனைவரை தைத்தாள். குங்குமக் கறையின் பக்கத்தில் தையல் கோடு போட்டதுபோல் ஓடியது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டார்.

தீபாவளியன்று எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரிக் காலர் வைத்த சட்டைகளில் ஓடித்திரிந்தார்கள். அக்காவுக்குத் தெரிந்தது அந்த ஒரு காலர்தான். புது மிஷினுக்குப் பொட்டும் அன்றைக்குத்தான் வைத்தாள், கடைசிச் சட்டைக்குப் பொத்தான் கட்டி அனுப்பிய பிறகு.