சனிக்குத்தான் நிலா அதிகம்

சந்தனமும் கட்டிங் ஆயிலும் கலந்த வாசம்... பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் ஓட்டியவர்களுக்கு அது என்ன நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜை.

மிஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் எங்கள் பம்ப் செட் கம்பெனியில் பொது அறிவுப் போட்டி நடக்கும். அந்த வருடம் கடைசிச் சுற்றில் இரண்டே பேர். நானும், பக்கத்து லேத் பாஷா பாயும். பரிசு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர்.

ஃபோர்மேன் கேட்டார், "எந்தக் கிரகத்துக்குங்க நிலா அதிகம்?"

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் ஞாயிறு தவறாமல் நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகை படிப்பவன். விண்கலம் போய்ப் பார்த்ததில் சனிக்குப் பதினேழு, வியாழனுக்குப் பதினாறு. நோட்டில் எழுதியே வைத்திருந்தேன்.

"சனிங்க!" என்றேன், பலமாக.

ஃபோர்மேன் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா மிசினு முன்னால நின்னுட்டு சனி சனின்னு கத்தறீங்க? வேற கிரகமே கெடைக்கலீங்களா?"

பாஷா பவ்யமாக, "வியாழனுங்க. குரு பகவானுங்க" என்றார். பகவானை அவர் சேர்த்தது ஃபோர்மேனுக்காக. இன்றுவரை மறுக்கிறார்.

ஃபோர்மேனின் பழைய புத்தகத்தில் வியாழனுக்குப் பன்னிரண்டு, சனிக்கு ஒன்பது. கைத்தட்டல்.

"என் நோட்டைப் பாருங்க" என்றேன். நோட்டு பூஜையில் இருந்தது. பூஜைக்கு வைத்ததை அன்று தொடக்கூடாது.

"அப்ப உங்க புஸ்தகத்த மட்டும் தொடலாமுங்களா?"

"இது பூஜைல வெக்காத புஸ்தகமுங்க."

மறுநாள் நோட்டை எடுத்துக் காட்டினேன். "முடிஞ்சது முடிஞ்சுபோச்சுங்க" என்றார்கள். பிறகு இருபது வருடம், தினமும் மதியம், அந்தக் கேரியரை என் கண் முன்னால் திறந்து பாஷா சாப்பிட்டார். எனக்கும் ஒரு அடுக்கு கொடுப்பார். பிரியாணி நன்றாகத்தான் இருக்கும். அது வேறு விஷயம்.

எனக்கு வேண்டியது கேரியர் இல்லை. "நீங்க சொன்னதுதான் சரிங்க" என்று பாஷா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சொல்வார் என்று இருந்தபோது, வியாழனுக்குக் கூட்டமாகப் புது நிலாக்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அண்ணா, பேப்பர் பாத்தீங்களா?" என்று பாஷா வீடு தேடி வந்தார். எனக்கு வருடக்கணக்கில் தலைகுனிவு. அப்புறம் சனி முந்தியது. நான் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. கொஞ்ச வருடத்தில் மறுபடி வியாழன் முந்தியது, அன்றைக்கு மட்டும் அவரே கூப்பிட்டார். மூன்றே மாதம்தான். சனி திரும்பவும் மேலே போய்விட்டது.

இப்போது சனிக்கு இருநூற்று எழுபத்து நான்கு. வியாழன் நூறைக்கூடத் தொடவில்லை. போன வாரம் கோட்டைமேட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு நேரிலேயே போனேன்.

பாஷா என் கைபேசித் திரையைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "சரிங்ணா. அன்னிக்கும் நீங்க சொன்னதுதான் சரி" என்றார். அவ்வளவுதான். சண்டையே போடவில்லை.

நண்பர்களே, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று ஒரு எண்ணைச் சரிபார்க்க ஞாயிறு வரை காத்திருந்தோம், அதுவரை முறைத்துக்கொள்ள நேரம் இருந்தது. இன்று விரல் நகர்த்தினால் விடை வந்துவிடுகிறது. மனிதர் இப்படித் தோற்றுப்போனால் நான் யாரோடு பேசுவது?

நேற்றுக் காலை நானே கூப்பிட்டேன். "பாய், சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் கிரகம் இருக்குதுங்க. அதுல ஒண்ணுக்குக்கூட நிலா இருக்கறது இன்னும் உறுதியாகலையாம். எதுக்கு மொதல்ல உறுதியாகும்? சொல்லுங்க பாக்கலாம்."



"நீங்க மொதல்ல சொல்லுங்ணா" என்றார் பாஷா. "அது இல்லைன்னு நான் சொல்லிக்கறேன்."