வெள்ளிக்கிழமைப் புகை

அரியாலையில் கராஜ் வைத்திருந்த ஆழ்வாப்பிள்ளை இருப்புக்கொள்ளாத மனிதர். சோற்றைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவார். எண்பத்தோராம் ஆண்டு, சோமசேகரம் என்பவர் வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார் பழுதாகி வந்ததும் அந்தச் சோறும் தொண்டையில் இறங்கவில்லை. மிதித்தால் கார் விக்கியது, திணறியது, நின்றுபோனது. பிளக்குகளை மாற்றினார், பெற்றோல் குழாயை ஊதினார், காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் பெட்டியைத் திறந்தார். காற்று தள்ளத் தள்ள ஆடவேண்டிய தகடு அசையாமல் ஒட்டிக் கிடந்தது. விரலில் கறுப்புப் பிசின். முகர்ந்தார். கோயில் வாசம்!

“ஆர் உதுக்குள்ளை சாம்பிராணி காட்டினது?”

“நான்தான் அண்ணை,” என்றார் பக்கத்தில் நின்ற சோமசேகரம் பெருமையோடு. “வெள்ளிக்கு வெள்ளி எஞ்சினை ஸ்டாட் பண்ணிப்போட்டுக் காட்டுறனான். புகை உள்ளுக்கும் போகட்டுமெண்டு காத்தை வடிகட்டுற எயார் பில்டரையும் கழட்டிவிடுவன்.”

ஆழ்வாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டைப் பெற்றோலால் துடைத்தார். அது இளகி ஆடியது. சாவியைத் திருப்பி மிதித்ததும் எஞ்சின் சீறிக்கொண்டு எழும்பியது.

சோமசேகரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “முருகா! இண்டைக்கும் வெள்ளிக்கிழமைதானே அண்ணை. சாம்பிராணித் தட்டு காருக்குள்ளையே கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்!”

ஆழ்வாப்பிள்ளை எஞ்சினுக்கு மேலிருந்த பொனற்றை அறைந்து மூடினார். ஓரிடத்தில் இராத அந்த மனிதர், அதன்மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.