படலையடியில் நின்ற சூசையண்ணை

சூசையண்ணை இறந்த செய்தி எனக்குப் பிரெஞ்சில் வந்தது. கடந்த செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காலில் சப்பாத்தோடு வேலைக்குப் புறப்பட்டு நிற்கையில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ரேஜான். சூசையண்ணையோடு பதினெட்டு வருடங்கள் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கியூபெக்காரர். அவர் வேகமாகப் பேசினார். பிரெஞ்சு கேட்டால் நான் வழக்கமாகச் செய்வதை அன்றும் செய்தேன்: தலையை ஆட்டினேன். தொலைபேசிக்கு அது தெரியாது என்று தெரிந்தும் ஆட்டினேன்.

ரேஜான் பேச்சை நிறுத்தினார். பிறகு தமிழில் கேட்டார்.

"விளங்கினதோ?"

"ஓம்."

"என்ன விளங்கினது?"

அவருக்குத் தெரிந்த தமிழ் இந்த இரண்டு கேள்விகளும்தான். சொல்லிக்கொடுத்தவர் சூசையண்ணை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், சூசே இறந்துவிட்டார் என்று நானே என் வாயால் சொன்னேன். "வி," என்று ஆமோதித்தார் ரேஜான்.

அவரை அறியாதவர்களுக்குச் சில விவரங்கள். மரியான் சூசைதாசன் மன்னாரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு வந்தார். கோட்-டெ-நெய்ஜில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மனைவி திரேசம்மா அக்காவோடு குடியிருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓடர்லி வேலை. நோயாளிகளைத் தள்ளுகட்டிலில் வைத்து ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதும். இப்படியான கட்டுரைகளில் இறந்தவர் ஏதாவதொரு சங்கத்தின் தூணாக இருந்திருப்பார். சூசையண்ணை எந்தச் சங்கத்திலும் இல்லை. மொன்றியலில் ஒரு தமிழர் அப்படியும் வாழலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சான்று அவர்தான். அதற்குப் பதிலாக, கோடைகாலத்துச் சனி ஞாயிறுகளில் அவர் ரோடியோவில் படலை, அதாவது காளைக் கூட்டின் கதவு, திறந்தார்.

குதிரையிலும் காளையிலும் ஏறி, விழாமல் இருக்கப் பார்க்கும் போட்டிதான் ரோடியோ. அது அமெரிக்கர்களின் விளையாட்டு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கியூபெக் கிராமங்களில் அதைப் பிரெஞ்சிலும் விழுந்தெழும்பிச் செய்கிறார்கள். ரேஜானின் தமையனார் மொன்றியலிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ரோடியோக் காளைகள் வளர்ப்பவர். ஒரு சனிக்கிழமை ரேஜான் தன் நண்பரை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனார். போன இடத்தில் படலைக்காரரின் கை முறிந்திருந்தது. எங்கள் சூசே மாடுகள் உள்ள நாட்டுக்காரர் என்று ரேஜான் தமையனிடம் சொல்லிவிட்டார்.

"நான் மன்னாரிலை முத்திரை குத்தினனான், தம்பி," என்று பின்னாளில் சூசையண்ணை எனக்குச் சொன்னார். "மாடெண்டால், கந்தோர் வாசலிலை படுத்துக்கிடக்கிறதைத்தான் தெரியும். அதைப் பிரெஞ்சிலை சொல்ல அப்ப எனக்கு வாய் வரேல்லை. தலையாட்டினன். படலைக் கயிறைக் கையிலை தந்திட்டாங்கள்."

பதினொரு கோடைகள் அந்தக் கயிற்றைப் பிடித்தார்.

வேலை சிறியது. காளை திரும்ப இடமில்லாத ஒரு இரும்புக் கூட்டுக்குள் நிற்கும். வீரர் மேலிருந்து இறங்கி அதன் முதுகில் அமர்ந்து, காளையில் கட்டிய கயிற்றை ஒரு கையில் சுற்றிப் பிடிப்பார். வெளியே வந்தபின் எட்டு வினாடி தாக்குப்பிடிக்க வேண்டும். கூட்டின் படலையைத் திறப்பவருக்கு ஒரே ஒரு உத்தரவுதான் உண்டு: வீரர் தலையசைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் கத்தலாம், சனம் பலகையில் காலால் உதைக்கலாம், காளையின் சொந்தக்காரரே திட்டலாம். அந்தத் தலை அசையும்வரை படலை திறக்காது.

தொழில்முறை வீரர்களைப் பற்றி அவரிடம்தான் கேட்டறிந்தேன். கோடை முழுவதும் ஊர் ஊராக வண்டி ஓட்டிப் போகிறார்கள். வண்டியிலேயே படுக்கிறார்கள். முறிந்த விலா எலும்புக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் ஏறுகிறார்கள். விழுந்தால் வெறுங்கை. ஆனால் கூட்டுக்குள் இருப்பவருக்குக் கயிற்றை இறுக்கிக் கொடுப்பதும், காளை நெரிக்காமல் முதுகுப்பக்கம் பிடித்துக்கொள்வதும் அடுத்ததாக ஏறப்போகிற போட்டியாளர்தான். புள்ளியிலும் பாதி காளைக்குப் போகிறது.

"அவன் விழுந்தால் இவனுக்குத்தான் பரிசு. எண்டாலும் இவன் கயிறு இறுக்கிக் குடுக்கிறான்," என்றார் சூசையண்ணை. "எங்கட ஆக்களைக் கொண்டுவந்து காட்டவேணும்."

காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த ஆண்டு எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றாக இருந்தது. அடுத்த ஆண்டு மூன்றாக இருந்தது. மூன்றுக்கும் ஒரே பெயர்.

காளைக்கு இதில் விருப்பமா என்று ஒருமுறை கேட்டேன்.

"அதிட்டை ஒருத்தரும் கேக்கிறேல்லை, தம்பி. பாதிப் புள்ளி குடுக்கிறாங்கள். ஆனால் கேக்கிறேல்லை. அது எனக்கும் ஒரு குறைதான்."

அதற்கு மேல் அவர் நியாயம் எதுவும் தேடவில்லை.

ஆழிப்பேரலை வந்த அடுத்த கோடையில், எங்கள் கிழக்குக் கரையின் மீனவக் குடும்பங்களுக்காக ரேஜானின் ஊர்க்காரர்கள் ஒரு ரோடியோ நடத்த முன்வந்தார்கள். காளைகளையும் இரும்புத் தடுப்புகளையும் லொறிகளில் ஏற்றி, புவாண்ட்-கிளேருக்கு அப்பால் ஒரு வெறுந்திடலுக்குக் கொண்டுவந்தார்கள். மண் பரப்பினார்கள். வீரர்கள் எதுவும் வாங்காமல் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குழு அமைக்கப்பட்டது. முன்வரிசையில் யார் அமர்வது என்பதை அது ஐந்து கூட்டங்களில் ஆராய்ந்தது. அந்தக் கூட்டங்களைப் பற்றி நான் எங்கள் தேவாலயத்தின் பங்கு மலரில் ஒரு சிறு குறிப்பு எழுதினேன். ஆறாவது கூட்டத்தில், தமிழர் ஒருவரும் காளை ஏறாவிட்டால் இனத்துக்கு மானக்கேடு என்று முடிவாயிற்று. தலைவர் எழுந்தார்.

"எழுதுறவருக்குத்தான் துணிவு கூட. அவரே ஏறட்டும்."

அந்தக் குழு ஏகமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கதிரையில் அமர்ந்து செய்யும் வேலை. இருப்பதிலேயே வயதான, சாதுவான காளையைத் தந்தார்கள். சாது என்பது ரோடியோக்காரர்கள் சொன்ன சொல். தலைக்கவசமும் கனத்த அங்கியும் போட்டு என்னைக் கூட்டுக்குள் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் இரண்டு வீரர்கள் நின்று, காலை எங்கே வைப்பது, எப்போது குதிப்பது, குதித்தபின் எங்கே ஓடுவது என்று பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததைத் திரும்பக் கேட்டு ஒருவரைச் சிரமப்படுத்தாமல் இருப்பது எங்களுக்கு மரியாதை. வாடகை ஒப்பந்தம் முதல் பிள்ளையின் பள்ளிக்கூட அறிக்கை வரை மொன்றியலில் நாங்கள் தலையாட்டியே சீவித்திருக்கிறோம்.

ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் எழுந்தது. "தலையாட்டிட்டார்! எங்கட வீரர் தலையாட்டிட்டார்! திற அண்ணை!"

சனம் எழுந்து நின்றது. சூசையண்ணை கயிற்றை விடாமல் கம்பியருகே வந்தார்.

"தம்பி, விளங்கினதோ?"

"ஓம் அண்ணை."

"என்ன விளங்கினது?"

காளை ஒருமுறை மூச்சு விட்டது. என் முழங்காலுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு விரல் வைக்க இடமில்லை.

"விழுந்தால் எந்தப் பக்கம் ஓடவேணும்?"

நான் தலையாட்டினேன்.

"இறங்கும்," என்றார்.

தலைவர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு ஓடிவந்தார். "அண்ணை, சனம் பாக்குது! மானம் போகுது!"

"போகட்டும். ஆள் இருக்கட்டும்."

"அவர் தலையாட்டினவர் எல்லே!"

"அது ஓமெண்டு ஆட்டின தலை இல்லை. வாடகைக்காரன் வீட்டுக்காரனுக்கு ஆட்டுற தலை."

நான் இறங்கினேன். சனம் சிரித்தது. எனக்குப் பதிலாக ஒரு வீரர் அதே காளையில் ஏறினார். தலையை ஒரே ஒரு தரம், சுருக்கமாக, கீழே அசைத்தார். படலை திறந்தது. நான்காம் வினாடியில் விழுந்தவர் இடது பக்கம் ஓடினார். காளை வலது பக்கம் திரும்பிக் கொம்பால் மண்ணைக் கிளறியது. என்னுடைய யோசனை வலது பக்கமாக இருந்தது.

இதற்காக நான் அவருக்கு நன்றி சொன்னேன் என்று எழுத விரும்புகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் நான் அவரோடு கதைக்கவில்லை. கோயிலில் அவர் இடப்பக்க வாங்கில் இருந்தால் நான் வலப்பக்கம் போனேன். சனத்துக்கு முன்னால் என்னைச் சின்னப்படுத்திவிட்டார் என்பது என் வழக்கு. திரேசம்மா அக்கா ஒருநாள் வாசலில் மறித்து, "தம்பி, அவர் உம்மைத் தேடுறவர்," என்றா. நான் தலையாட்டிவிட்டுப் போனேன்.

அதற்கடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் என் தொண்டையில் ஒரு கட்டி கண்டார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் பத்து நிமிடம் பிரெஞ்சில் விளக்கினார். தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டேன். குறித்த நாள் காலை என்னைத் தள்ளிப்போக வந்தவர் சூசையண்ணை. கையில் கட்டியிருந்த பெயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கட்டிலைத் தள்ளினார். தியேட்டரின் இரட்டைக் கதவுக்கு முன்னால் கட்டிலை நிறுத்திக் காலால் பிறேக்கை அழுத்தினார்.

"விளங்கினதோ?"

"ஓம்."

"என்ன விளங்கினது?"

"தொண்டையிலை ஒண்டு கிடக்காம். எடுப்பினமாம்."

"வேறை?"

வேறொன்றும் இல்லை. அவர் தாதியிடம், இவர் இன்னும் தலையசைக்கவில்லை என்று பிரெஞ்சில் சொன்னார். தாதி என் கையெழுத்தைக் காட்டினார். சூசையண்ணை பிறேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. நிபுணர் தொப்பியோடு வெளியே வந்தார். முகத்தில் கோபம் இருந்தது. ஆனாலும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். அந்த நல்லதையும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசையண்ணை வசனம் வசனமாகத் தமிழாக்கினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: கட்டியை ஆறு மாதம் பொறுத்திருந்து பார்க்கலாம். இப்போதே எடுத்தால் குரல் மாறக்கூடும், திரும்பாமலும் போகக்கூடும். நான் ஞாயிறு பூசையில் வேத வாசகம் வாசிப்பவன்.

"யோசியும்," என்றார் சூசையண்ணை. "உவை நிப்பினம். நான் நிக்கிறன்."

கதவருகே நால்வர் காத்து நின்றார்கள். என் வாழ்க்கையில் எனக்காக அத்தனை பேர் அவ்வளவு நேரம் காத்திருந்தது அதுவே முதல் தடவை. எடுக்கட்டும் என்று வாயால் சொன்னேன். தலையையும் ஒருமுறை அசைத்தேன். அவர் பிறேக்கை விட்டார். நான் போனது அதே கதவுக்குள்தான். இன்று என் வாசகம் பின்வரிசைக்குக் கேட்பதில்லை என்கிறார்கள். அது நான் எடுத்த முடிவு.

இப்படி அவர் பல வருடங்களாகச் செய்துவந்தார் என்பதையும், அதற்காக மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதங்கள் வாங்கினார் என்பதையும் பிறகு அறிந்தேன். தான் விடுமுறையில் நிற்கும் நாட்களில் தமிழ் நோயாளிகளிடம் கேட்பதற்காகவே ரேஜானுக்கு அந்த இரண்டு கேள்விகளைப் பழக்கியிருந்தார்.

இந்த ஆண்டு அவருடைய நுரையீரல் கெட்டது. அதே ஆஸ்பத்திரியில், தான் கட்டில் தள்ளிய நடைபாதையை ஒட்டிய அறையிலேயே படுக்க நேர்ந்தது. இரண்டு கிழமைக்கு முன் பார்க்கப் போனேன். வைத்தியர் வந்து சுவாச இயந்திரம் பற்றிப் பேசிவிட்டுப் போனார். "விளங்கினதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"அது என்ர கேள்வியடாப்பா," என்றார், மூச்சு வாங்க. "மெசின் வேண்டாமெண்டு சொன்னனான். தலையாட்டேல்லை, வாயாலை சொன்னனான்." சற்றுப் பொறுத்து, வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற திரேசம்மா அக்காவைக் கண்ணால் காட்டினார். "அவவுக்குத்தான் இன்னும் மனசிலை ஏறேல்லை. எல்லாரும் தலையாட்டச் சொல்லுவினம். அவவை ஒருத்தரும் அவசரப்படுத்தக் கூடாது. விளங்கினதோ?"

"அக்காவை அவசரப்படுத்தக் கூடாது," என்றேன்.

நேற்று சனிக்கிழமை அடக்கம். பூசை முடிந்து பெட்டியை வாகனத்தில் ஏற்றினார்கள். குளிர் மழை. மூன்று சங்கங்களின் மலர்வளையங்களும் வந்திருந்தன. உறுப்பினராக இல்லாதவருக்கு மூன்றும் இரங்கல் தெரிவித்தன. வாகனத்தின் பின்கதவைப் பிடித்தபடி ரேஜான் நின்றார், தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. திரேசம்மா அக்கா பெட்டியின் விளிம்பில் கையை வைத்திருந்தா. எடுக்கவில்லை.

சாரதி மணிக்கூட்டைப் பார்த்தார். தலைவர் என் தோளைத் தட்டி, "கல்லறையிலை நேரம் குடுத்திருக்கு. அக்காவைக் கூட்டிக்கொண்டு போம்," என்றார். நான் போகவில்லை. "அக்கா, வாங்கோவன், மழை," என்று யாரோ பின்னாலிருந்து அழைத்தார்கள். ரேஜான் திரும்பி அழைத்தவரைப் பார்த்தார். அதன்பின் ஒருவரும் அழைக்கவில்லை. மழை எங்கள் எல்லோர் மீதும் ஒரே மாதிரிப் பெய்தது. வாகனம் இயங்கிக்கொண்டு நின்றது. அக்கா பெட்டியின் விளிம்பிலிருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தா. பிறகு கையை எடுத்து, ரேஜானின் முகத்தைப் பார்த்து, தலையை ஒரே ஒரு தரம் கீழே அசைத்தா.

ரேஜான் கதவைச் சாத்தினார்.

நீங்கள் போய்விட்டீர்கள், அண்ணை. விளங்கினது.