வால் வந்தாச்சு

இது கதை இல்லை. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி வேலை செய்கிறவனுக்குப் பேயாவது, பிசாசாவது!

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஊருக்கு நடுவே, கம்பி வேலி போட்ட ஒரு காடு உண்டு. என் மச்சான் அங்கே வழிகாட்டி. சாயங்காலம் ஆட்களைக் கூட்டிப்போய் மரம், பறவை, பூச்சி என்று காட்டுவான். அன்று என் ஆறு வயது மகளோடு நானும் போனேன்.

"மாமா, இன்னிக்கு நீங்கதான் வால்," என்றான்.

வரிசையில் கடைசியாக வருகிறவருக்கு அங்கே வால் என்று பெயர். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நின்று "வால்?" என்று கத்துவான். "வந்தாச்சு!" என்று பதில் வந்தால்தான் மேலே நகர்வான்.

"அப்பாதான் வாலு!" மகளுக்கு ஒரே சிரிப்பு. வீட்டில் நான் அவளைத் திட்டுகிற வார்த்தை அது.

முதல் இரண்டு திருப்பமும் ஜோராகப் போனது. வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. குளத்துப் பக்கம் மகளின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

முன்னாலிருந்து மச்சான் குரல்.

"வால்?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"வந்தாச்சு!"

என் முதுகுக்குப் பின்னால்... என் குரல்.

திரும்பிப் பார்த்தேன். வந்த பாதை மட்டும் கிடந்தது.

முன்னால் பேச்சுச் சத்தம் நகர்ந்து போனது. "மச்சான், நில்லு!" என்று கத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடுத்த திருப்பத்தில் யாருமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. வேலிக்கு அப்பால் பஸ் ஹாரன் கேட்டது. ஊர் அவ்வளவு பக்கம். வேலியைத்தான் காணோம்.

தூரத்தில் மறுபடியும்... "வால்?"

"வந்தாச்சு!"

இந்த முறை எனக்கு முன்னால்.

கூடவே ஒரு குழந்தையின் சிரிப்பு... கிளுக்... கிளுக்...

மகள் என் கழுத்தை இறுக்கினாள்.

"அப்பா... நான் சிரிக்கல."

இவளை எதுவும் தொட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில்.

ஓடினேன்.

முள்... இருட்டு...

கேட்!

பூட்டியிருந்தது. வெளியே மச்சான் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். கம்பியை உலுக்கினேன். திரும்பியவன் முகம் வெளிறிப் போனது.

"மாமா... நீங்க எப்படி உள்ள?"

"ஆளை எண்ணாமலா பூட்டினே?"

"எண்ணிட்டுத்தான் பூட்டினேன். நீங்களும் பாப்பாவும்தான் கடைசி. கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுப் பக்கம் போனீங்க. என் கண்ணால பார்த்தேன் மாமா."

வீட்டில் என் மனைவி தனியாக இருந்தாள்.

அவன் பூட்டைத் திறந்தான். மூன்று பேரும் பைக்கில் பறந்தோம்.

மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மகளை வாரி அணைத்துக்கொள்ளவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உற்று உற்றுப் பார்த்தாள். உள்ளே ஓடிப் பார்த்தேன், யாருமில்லை.

நடந்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவே இரண்டு நாள் ஆனது.

"நீங்க வாசலோட நின்னுட்டீங்க. பாப்பா மட்டும் உள்ள வந்து என் மடியில படுத்தா. உடம்பு ஜில்லுனு இருந்துச்சு. பைக் சத்தம் கேட்டதும் எழுந்துட்டா. 'இப்பப் போறேன்மா, அப்புறம் வரேன்'னு சொன்னா."

நாங்கள் வீடு மாற்றிவிட்டோம். இன்றும் காலிங் பெல் அடித்தால், மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறோம்.